ரோதே சாப்பாடு கொண்டுவரவில்லை

யாராவது நல்ல வார்த்தை சொன்னால் திபியோஸின் கை தானாக இடுப்பு முடிச்சுக்குப் போகும். முடிச்சில் இருப்பது நாலைந்து காய்ந்த ஒலிவக் காய்கள்தான், அதைத் திருட இந்த ஆள் வந்திருக்கமாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் தொட்டுப் பார்த்துக்கொண்டால்தான் நிம்மதி. அவனை விற்றதே நல்ல வார்த்தை சொல்லித்தான். பதினேழு வயதில், கருங்கடல் ஓரத்து ஊரில், சொந்தத் தாய்மாமன் தோளில் கைபோட்டு, "கப்பலப் பாத்துட்டு வரலாம் வாடா" என்று கூட்டிப்போனான். கப்பலைப் பார்த்தார்கள். மாமன் மட்டும் இறங்கிப் போனான். அன்றிலிருந்து தோளில் ஒரு கை விழுந்தால் திபியோஸுக்கு உடம்பெல்லாம் விறைத்துப்போகும்.

ஹிமேத்தோஸ் மலையடியில், ஏதென்ஸிலிருந்து ஒரு காலைப்பொழுது நடை தூரத்தில், ஆர்கியாஸ் என்பவரின் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். முப்பது வருடம் அங்கேயே கொடி கட்டினான், மண் கொத்தினான், முதுகு வளைந்தான். அதே வீட்டில் மாவு அரைக்கிற ரோதே அவனோடு ஒரே கொட்டகையில் இருந்தாள். அடிமைகளுக்குக் கல்யாணம் என்று ஒன்று கிடையாது. எஜமான் கண்டும் காணாமலும் விட்டுவிட்டார், அவ்வளவுதான். பிறந்த பிள்ளை இரண்டும் தங்கவில்லை. ரோதேக்கு வாய் நீளம், சிரிப்பும் நீளம். அவன் சந்தேகப்படுவதைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

"கஞ்சியில ரெண்டு அத்திப்பழம் கூட இருந்தா மூஞ்சி இப்படிப் போகுது. என்னய்யா, விஷம் வச்சிருக்கேன்னு நெனப்பா?"

"உனக்கு யாரு குடுத்தா அத்திப்பழம்?"

"எஜமானியம்மா."

"எதுக்குக் குடுத்தா?"

"கேட்டேன். உன் புருசன் சந்தேகப்பட்டே செத்துப்போவான், அதுக்கு முன்னாடி நல்லா தின்னட்டும்னு சொன்னாங்க."

அவனும் சிரித்துவிட்டுத் தின்பான். ஆனால் முதல் பழத்தைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான்.

அவனுடைய சந்தேகத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்த நாட்டில் குடிமகன் சாட்சி சொன்னால் நிமிர்ந்து நின்று சொல்லலாம். அடிமை சொன்னால் அவனைச் சித்திரவதைச் சக்கரத்தில் கட்டிக் கைகாலை இழுத்துத்தான் அந்தச் சாட்சியை வாங்க வேண்டும். வலிக்காமல் வந்த சொல்லை நடுவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார்கள். அடிமையின் வாய் பொய் சொல்லும், எலும்பு பொய் சொல்லாது என்பது அவர்களுடைய தீர்மானம். கடவுள்களைப் பற்றியும் நட்சத்திரங்களைப் பற்றியும் நாள் கணக்கில் வாதாடுகிற அத்தனை பெரிய மனிதர்களுக்கும் இதில் மட்டும் ஒரு கேள்வியும் எழவில்லை. எலும்பு உடைகிற நேரத்தில் மனிதன் என்ன வேண்டுமானாலும் சொல்வான் என்று தங்கள் பல்வலியை நினைத்தாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஆகவே ஒரு விஷயம் தெரிந்திருப்பதே அடிமைக்கு ஆபத்து. திபியோஸ் முப்பது வருடமாக எதையும் பார்க்காமல், கேட்காமல், தெரிந்துகொள்ளாமல் இருக்கப் படாத பாடு பட்டான்.

அப்படியும் ஒரு நாள் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

வசந்தத் திருவிழாவுக்கு ஊரே நகரத்துக்கு நாடகம் பார்க்கப் போயிருந்தது. ஆர்கியாஸ் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்தவர், எல்லோரும் போனபின் எழுந்து வந்து, "கடப்பாரைய எடுத்துக்க" என்றார். பக்கத்துத் தோட்டம் பிலாக்ரோஸ் என்பவருடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு எல்லைக்கல். அதைப் பெயர்த்து, பிலாக்ரோஸ் பக்கம் மூன்று கொடி வரிசை தள்ளி நட்டார்கள். பழைய குழியை மூடி, மேலே காய்ந்த சருகைப் பரப்பினார்கள். மத்தியானம் ரோதே பார்லி ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்தாள். பாதி புதைந்த கல்லைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கூடையை வைத்துவிட்டுப் போனாள். மூன்று வரிசைக் கொடிக்காக ஒரு பெரிய மனிதர் மண்டிபோட்டு மண்ணை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். கொட்டகைக்கு வந்து சொன்னாள்.

"சிரிச்சியா?"

"இல்லைய்யா. அடக்கிக்கிட்டேன்."

"நீ அங்க வரவே இல்ல. ஞாபகம் வச்சுக்க."

கோடையில் பிலாக்ரோஸ் வரிசைகளை எண்ணிப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். வழக்கு போட்டார். ஒரு நாள் நகரத்துச் சந்தையில், ஆர்கியாஸுக்குப் பின்னால் எண்ணெய் ஜாடியைச் சுமந்துகொண்டு திபியோஸ் நின்றபோது, பிலாக்ரோஸ் இரண்டு சாட்சிகளோடு வந்து மெழுகுப் பலகையைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். "கல்லை நகர்த்தவில்லை என்றால் உன் தோட்டக்கார அடிமை திபியோஸை விசாரணைக்குக் கொடு. சக்கரத்தில் வைத்துக் கேட்போம். நகர்த்தவில்லை என்று அவன் சொன்னால் வழக்கை விட்டுவிடுகிறேன்."

சாட்சிகள் இரண்டு பேரும் திபியோஸின் தோள்களைப் பார்த்தார்கள். கழுதை வாங்க வந்தவர்கள் பார்ப்பதுபோல, பல்லை மட்டும்தான் பார்க்கவில்லை. திபியோஸ் ஜாடியைத் தோளுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

இந்தச் சவால் ஒன்றும் புதிதில்லை. ஒவ்வொரு வழக்கிலும் யாராவது விடுவார்கள், மற்றவர் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பார். பிறகு மன்றத்தில், "பாருங்கள், அடிமையைக் கொடுக்கப் பயந்துவிட்டான்" என்று பேச ஒரு பிடி கிடைக்கும். அவ்வளவுக்குத்தான் பெரும்பாலும். ஆனால் ஆர்கியாஸ் தட்டிக்கழிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

திபியோஸ் அவர் முதுகையே பார்த்தான். யோசிக்க என்ன இருக்கிறது?

அதன்பிறகு வீட்டில் அவனுக்கு மரியாதை கூடியது. ஒரு நாள் மீன் வந்தது, உப்பில் போட்டதில்லை, புது மீன். ஒரு நாள் எஜமானின் பழைய மேலாடை வந்தது. "முட்டி எப்படிரா இருக்கு? வலி தாங்குற உடம்பு உனக்கு, எங்கப்பா வாங்கும்போதே சொன்னாரு" என்றார் ஆர்கியாஸ். அன்று இரண்டு வேளையும் அவனால் சாப்பிட முடியவில்லை. மீனை ரோதேயின் பக்கம் தள்ளினான்.

"கெடாவுக்குத் தழை போடுற மாதிரி போடுறாங்க."

"எனக்கும் அப்படித்தான்யா தோணுது" என்றாள் ரோதே. முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

"இந்தா, கேட்டுக்க. யாரு வந்து கேட்டாலும் நீ அன்னைக்கு அந்தப் பக்கம் போகவே இல்ல. எஜமான் கேட்டாலும் சரி, பிலாக்ரோஸ் ஆளு கேட்டாலும் சரி. நல்லதனமா பேசி ஆழம் பாப்பாங்க. நம்பாத."

"நீ வந்து கேட்டா?"

"நானே வந்து சொன்னாலும் நம்பாத. என்னை எவன் என்ன சொல்லி அனுப்பிச்சிருப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருசமா உன்ன எங்க நம்பினேன்" என்று சொல்லி மீனை இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

பத்தாம் நாள் ஆர்கியாஸ் ஊர்த் தலைவரையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, வீட்டுப் பலிபீடத்தின் முன் திபியோஸை நிறுத்தி, "இவனுக்கு விடுதலை கொடுத்தேன், நீங்கள் சாட்சி" என்றார். எல்லோரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் அழக்கூடச் செய்தார். திபியோஸ் மட்டும் விழித்துக்கொண்டு நின்றான். முப்பது வருடமாக ஒரு சோடி செருப்பு தராத மனிதர் இன்று சுதந்திரம் தருகிறார் என்றால் அதில் எங்கோ முள் இருக்க வேண்டும். முள் எது என்று புரிய மாலை வரை ஆயிற்று. சுதந்திர மனிதனைச் சக்கரத்தில் ஏற்றச் சட்டம் இடம் தராது. பிலாக்ரோஸ் கேட்ட அடிமை இப்போது அடிமையே இல்லை. எஜமான் அவன் வாயைப் பூட்டியிருக்கிறார், சாவியைக் கண்ணில்கூடக் காட்டாமல்.

"ரோதேயையும் விட்டிருக்கலாமே எஜமான்" என்றான்.

"வழக்கு முடியட்டும். நீ ஒழுங்கா இருந்தா அவளையும் விடுறேன்."

அதுதான் இன்னொரு முள்.

இதுவரை நடந்தது எல்லாம் அவர்கள் செய்தது. அடுத்தது அவனே செய்தது, அதை நினைக்கும்போதுதான் அவனுக்குத் தாங்காது. விடுதலையான நாலாம் நாள் ஊற்றங்கரையில் பிலாக்ரோஸ் அவனைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை. தண்ணீர் கலந்த ஒயினைக்கூட நீட்டினார். திபியோஸ் வாங்கவில்லை.

"திருவிழா அன்னைக்குத் தோட்டத்துல இருந்தியாப்பா?"

"இருந்தேன். கொடிக்குக் கொம்பு நட்டேன்."

"நாள் பூராவுமா?"

"நாள் பூரா."

"சரிப்பா. அவ்வளவுதான் கேக்க வந்தேன்." பிலாக்ரோஸ் திரும்பி நடந்தார்.

இவ்வளவு கொஞ்சமாகக் கேட்டுவிட்டுப் போகிறவனை எப்படி நம்புவது? போகிற போக்கில் வேறு எதையோ மோப்பம் பிடித்துவிட்டான் என்று திபியோஸுக்குப் பட்டது. எதை? ரோதே கொண்டுவந்த கூடையைத்தான். வேறென்ன இருக்கிறது? அந்தப் பக்கத்து வழியை உடனே அடைக்க வேண்டும் என்று தவித்து, பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"நான் தனியாத்தான்யா இருந்தேன். ரோதே சாப்பாடு கொண்டுவரல."

பிலாக்ரோஸ் நின்றார். மெல்லத் திரும்பினார். "யாருப்பா ரோதே?"

மூன்றே நாளில் அதே சந்தையில், அதே மெழுகுப் பலகையில், பெயரை மட்டும் மாற்றி எழுதிய சவால் வாசிக்கப்பட்டது. ஆர்கியாஸ் இம்முறை யோசிக்கவே இல்லை. "எடுத்துக்கோ" என்றார். ஒருவனை விடுதலை செய்துவிட்டு இன்னொருத்தியையும் மறைத்தால் நடுவர்கள் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதோடு, அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்ற நம்பிக்கை. "நீ எதையாவது உளறினா உன்ன விடுறேன்னு உன் ஆளுகிட்ட நான் குடுத்த வாக்கு என்ன ஆகும்னு நெனச்சுக்க" என்று அவளிடம் சொல்லி மாவு அறையில் வைத்துப் பூட்டினார்.

திபியோஸ் வாசலில் போய் நின்றான். உள்ளே விடவில்லை.

"நீ இப்ப இந்த வீட்டு ஆளு இல்லப்பா" என்றார் ஆர்கியாஸ், ரொம்பத் தன்மையாக. "சுதந்திர மனுசன் அடுத்தவன் வீட்டுக்குள்ள நெனச்ச நேரத்துக்கு நுழையலாமா?"

அவரைக் கொன்றுவிடலாம் என்று தோன்றியது. கொன்றால் வீட்டு அடிமைகள் எல்லோரையும் விசாரிப்பார்கள், முதலில் ரோதேயைத்தான். திரும்பி நேராக பிலாக்ரோஸிடம் போனான்.

"ஐயா, கல்ல நகத்தினது நான்தான். இந்தக் கையாலதான் பேர்த்தேன். மன்றத்துக்கு வந்து சொல்றேன். அவள விட்டுருங்க."

பிலாக்ரோஸ் அவனை உட்காரச் சொன்னார். "நீ சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியுது. நடுவருங்களுக்கு எப்படித் தெரியும்? நேத்து வரைக்கும் நீ அவனோட அடிமை, இன்னைக்கு எனக்குச் சாட்சி. நான் உன்னை ஒரு குடம் ஒயினுக்கு வாங்கிட்டேன்னு ஆர்கியாஸ் சொல்லுவான், எல்லாரும் தலையாட்டுவாங்க. உன் வார்த்தை வலிக்காம வந்த வார்த்தைப்பா. அவ சொன்னாத்தான் செல்லும்."

"அப்ப என்னையே சக்கரத்துல போடுங்க."

"அதுக்கு நீ அடிமையா இருக்கணுமே."

பிலாக்ரோஸ் கெட்டவர் இல்லை. தன் மூன்று வரிசைக் கொடி தனக்கு வேண்டும் என்று நினைத்த சாதாரண மனிதர், அவ்வளவுதான். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ரோதே உண்மையைச் சொன்னால் அந்த நொடியே சக்கரத்தை நிறுத்திவிடுவது. வழக்கு ஜெயித்தால் நஷ்டத்துக்கு ஈடாக அவளையே கேட்டு வாங்கி, திபியோஸிடம் விட்டுவிடுவது. திபியோஸ் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எல்லை காக்கிற தெய்வமான ஸேயுஸின் பீடத்துக்கு அவரைக் கூட்டிப்போய், கையை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னான். செய்தார். முள்ளைத் தேடினான், தேடினான், அகப்படவில்லை. அவனுக்கு நாற்பத்தேழு வயது. தாய்மாமனுக்குப் பிறகு முதன்முறையாக ஒரு மனிதனை நம்பினான்.

ஆனால் இதை ரோதேயிடம் சொல்ல வழியே கிடைக்கவில்லை. மாவு அறைக்கு ஜன்னல் இல்லை. வீட்டில் எவரும் செய்தி கொண்டுபோகத் துணியவில்லை. விசாரணை நாளன்று நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

சந்தைக்கு மேலே, கொல்லர்களின் தெய்வமான ஹெபைஸ்தோஸின் கோயில் முற்றம். முற்பகல் வெயில். சக்கரத்தை நடத்துகிறவன் ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தான். அவனும் நகரத்துக்குச் சொந்தமான அடிமைதான். விதிகளை வாசித்தார்கள்: கேள்வி ஒன்றே ஒன்று, தூணின் நிழல் மூன்றாம் படிக்கு வரும் வரை விசாரணை, கை கால் போனால் இவ்வளவு நஷ்ட ஈடு. ரோதேயைக் கூட்டிவந்தார்கள். கண் கூச, சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கம் ஆர்கியாஸும் அவருடைய ஆட்களும். மறுபக்கம் பிலாக்ரோஸின் ஆட்கள், அவர்களுக்கு நடுவில் திபியோஸ். கூட்டம் நெருக்கியதில் அவன் முன்னால் சாய்ந்தபோது, பிலாக்ரோஸ் அவன் தோளில் கையை வைத்துத் தாங்கிக்கொண்டார். ரோதே அதைப் பார்த்தாள்.

"எல்லைக்கல்லை நகர்த்தினார்களா?"

"எனக்குத் தெரியாது. நான் அங்க போகல."

சக்கரம் சுற்றியது. அவளிடமிருந்து வந்த சத்தத்தை திபியோஸ் அதற்கு முன் கேட்டதில்லை.

"ரோதே, சொல்லிரு" என்று கத்தினான். "நான்தான் நகத்தினேன். நீ பாத்த. சொன்னா இப்பவே நிறுத்திடுவாங்க, சத்தியம் வாங்கியிருக்கேன். சொல்லிரு புள்ள."

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். நல்ல தெளிவான பார்வை. அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் தோளில் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் போகல. சாப்பாடு கொண்டுபோகல. கல்லு இருந்த எடத்துலதான் இருக்கு."

எழுத்தர் எழுதிக்கொண்டார். திபியோஸ் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். "நான் சொல்றத எழுதுய்யா. நகத்தினது நான். கடப்பாரை என் கையில இருந்துச்சு. எழுது."

எழுத்தர் கையை விடுவித்துக்கொண்டார். "உன்னை யாரும் கேக்கலையே. நீ சுதந்திர மனுசன், உன் சொல்லுக்கு இங்க என்ன வேலை? தள்ளி நில்லு."

இரண்டு பேர் அவனை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோடு பிடித்துக்கொண்டார்கள். உண்மை முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே இருந்தது, ஒருவரும் அதை எழுதவில்லை. நிழல் மெல்ல மெல்ல மூன்றாம் படிக்கு வந்தது. அதற்குள் அவள் அதே மூன்று வாக்கியங்களை எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

பிலாக்ரோஸ் வார்த்தை தவறவில்லை, வழக்கை விட்டுவிட்டார். எலும்பு பொய் சொல்லாது என்று அவரும் நம்பினார் போலிருக்கிறது. அடுத்த வருடம் தன் பெண்டாட்டியிடம், நான்தான் வரிசையைத் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று கேட்டாராம். கல் புது இடத்தில் நிலைத்துவிட்டது. ஆர்கியாஸ் நஷ்ட ஈட்டையும் வாங்கிக்கொண்டு, ரோதேக்கு விடுதலையும் கொடுத்தார். வலது கை தோளுக்கு மேல் எழாத பெண்ணால் மாவு அரைக்க முடியாது. ஊர் அவரைத் தாராளமான மனிதர் என்றது.

இரண்டு பேரும் மலைப்பாதையோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். திபியோஸ் கூலிக்குக் கொத்தப் போனான். ரொட்டியும் அவனே சுடக் கற்றுக்கொண்டான், பாதி கருகிப்போகும். ரோதே அதிகம் பேசுவதில்லை. கேட்கவேண்டியதை அவன் ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்காமல் வைத்திருந்து, ஒரு நாள் கேட்டான்.

"நான்தானே சொன்னேன், சொல்லிருன்னு. என் குரல் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அந்தாளு கை உன் தோள்மேல இருந்துச்சு." பிறகு வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "நீதானய்யா சொன்ன. நானே வந்து சொன்னாலும் நம்பாதன்னு."

திபியோஸுக்கு அழுகை வந்தது. மாமன் போனபோது அழாதவன், அன்று வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவளைச் சக்கரத்தில் ஏற்றியதும் தன் வாய்தான், அதிலிருந்து இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்ததும் தன் வாய்தான் என்று அவனுக்குப் புரிந்தது. ரோதே தேற்றவில்லை. திட்டவும் இல்லை.

மத்தியானமாயிற்று. அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு, ரொட்டியைப் பிட்டு, அந்த வருடத்தின் கடைசி அத்திப்பழம் இரண்டையும் அதன்மேல் வைத்துக் கொண்டுபோய் நீட்டினான். அவள் இடது கையைத் தூக்கினாள், ஆனால் உடனே வாங்கவில்லை. முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு பழத்தைப் பிட்டு உள்ளே பார்த்தாள்.